ஒரு நிறுத்தம் முன்னால்

ஹட்டனிலிருந்து வரும் கடைசி பஸ்
பாலத்தடியை நெருங்கும் முன்பே
அப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார்.
நாங்கள் இறங்க வேண்டியது அடுத்த நிறுத்தம்,
கோயிலடி.
"இங்கயே எறங்கிக்குவோம் புள்ள,
காத்து வாங்கிட்டு நடப்போம்."

காத்தா?
மஸ்கெலியாப் பக்கத்து ஆடி மாதத்தில்
காற்றைத் தேடி யாரும் போகத் தேவையில்லை.
அதுவாகக் காம்பராவுக்குள் நுழைந்து
குப்பி விளக்கை ஊதிவிட்டுப் போகும்.

பத்துச் சதம் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.
எனக்குப் பதினொரு வயது.
நனையக் கூடாதென்று கையில் தூக்கிய சப்பாத்து.
என் வகுப்புக்காரி ரேணுகா
பஸ் ஜன்னலில் மூக்கை அழுத்தி
எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கு அவருக்கு ஒரு பெயர் வைத்தேன்: அரைப்பேர்.
மழை வலுத்துப் பாதி நாளில் வேலை நின்றால்
செக்ரோலில் விழுமே, அது.
மனசுக்குள் வைத்திருந்த பெயர்தான்.
ஒரே ஒரு தடவை, வண்டிப்பாதை வளைவில்,
அவர் முதுகைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பவில்லை.
காதில் விழுந்திருக்காது என்று
எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராத்திரியில் கம்பளிக்குள்ளிருந்து சித்தாலேப மணக்கும்.
கேட்டால், தடிமன் என்பார்.
தடிமனுக்கு யாராவது காலில் பூசுவார்களா?
கேட்கத் தோன்றவில்லை.
நான் நோயாளிகளைப் பார்க்கப் படித்தவள் வேறு.

கண்டியில் தாதிப் பயிற்சியில் இருந்தபோது தந்தி வந்தது.
சன்னாசி, கவ்வாத்துக்காரர், வயது ஐம்பத்து மூன்று.
இருபத்தொரு வயதுக்காரிக்கு
ஐம்பத்து மூன்று போதுமான வயதாகத் தெரிந்தது.
அழுதேன். நிறையவே அழுதேன்.
ஆனாலும் எங்கோ ஒரு மூலையில்
'வயசான மனுசன்தானே' என்று ஒரு குரல்.
இன்று அது எதிரே வந்தால்
கன்னத்தில் ஒன்று விடுவேன்.

எட்டாம் நாள்
அவருடைய கறுப்புக் கோட்டைத் துவைக்கப் போட்டோம்.
பையில் பஸ் டிக்கட்டுகள்,
ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஒட்டிப்போய்.
பிரித்துப் பார்த்தேன்.
எல்லாம் கோயிலடி வரைக்குமான விலை.
பத்துச் சதம்கூடக் குறையவில்லை.
அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.
அம்மா வாங்கி அடுப்பில் போட்டாள்.

கோயிலடியில் இறங்கினால் லயத்துக்கு
நூற்றுப் பதினேழு படி, நெட்டுக்குத்தாக.
பாலத்தடியில் இறங்கினால் தூரம் கூட,
ஆனால் வண்டிப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி
மெதுவாக ஏறும்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
போன கார்த்திகையில் என் வலது முழங்கால் சொன்னது.
டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"தேய்மானம்" என்றார், சாதாரணமாக,
சப்பாத்து அடியைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு இப்போது ஐம்பத்து நாலு.
அவரைவிட ஒரு வயது மூத்தவள்.
அப்பா என்று கூப்பிட வாயெடுத்தால்
தம்பி என்று வந்துவிடும்போல் இருக்கிறது.
இனி அவரோடு எதையும் பேசலாம்.
எந்தக் கால் முதலில் போனது,
படியேறும்போதா இறங்கும்போதா கூட வலி,
ஒவ்வொரு தடவையும் முழு டிக்கட் எடுத்தாயே,
இன்றைக்கு ஏறிவிடலாம் என்று
ஒவ்வொரு தடவையும் நம்பினாயா?

நேற்று தம்பி வீட்டுக்குப் போக
மகனோடு அதே பாதையில் பஸ்.
பாலத்தடி வந்தது.
எழுந்து கம்பியைப் பிடித்தேன்.
"இங்கயே எறங்கிக்குவோம் யுகேன்,
காத்து வாங்கிட்டு நடப்போம்."

பஸ் போன பிறகு
பின்னாலிருந்து முணுமுணுத்தான்:
"கோயிலடிக்குத்தானே காசு குடுத்தோம்?
இந்த அம்மாவுக்குக் கிறுக்கு."

நன்றாகக் காதில் விழுந்தது.
திரும்பவில்லை.

சும்மா சொல்லக் கூடாது,
காத்து நல்லாத்தான் இருந்தது.